மூங்கில் குழலும் ஸ்பிரிங் துப்பாக்கியும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் ரிங்லெட்டுக்கு ஏறும் பழைய மலைச்சாலையில், சாலையோரம் செமாய் பூர்வக்குடியினரின் சிறு கடைகள் வரும். பெத்தாய், காட்டுத் தேன், பருவம் வந்தால் டுரியான். சில கடைகளில் ஆளுயரத்துக்கும் மேலான மூங்கில் குழல்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். வண்டியை நிறுத்தும் சுற்றுலாப் பயணிகள் ஒன்றை வாங்கி ஊதிப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, தேயிலைத் தோட்டம் பார்க்க மேலே போய்விடுகிறார்கள். அந்தக் குழலுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் கொடுக்கலாம். காற்றைக் கொண்டு ஒரு பொருளை எறியும் கருவிகளில் அதைவிடச் செம்மையாக யோசித்துச் செய்யப்பட்டது அரிது. பழைய ஸ்பிரிங் துப்பாக்கியை வாங்கி வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்யும் ஐரோப்பியப் பொழுதுபோக்காளர்கள் எந்தெந்தச் சிக்கல்களோடு மல்லுக்கட்டுகிறார்களோ, அவற்றில் பெரும்பாலானவை இந்தக் குழலில் தலைகாட்டுவதே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் காரணம் புரியும். நல்ல உடல்வலு உள்ள ஒருவர் முழுமூச்சாக ஊதும்போது வாய்க்குள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அம்பு நகரத் தொடங்கியபின் அது சற்றுக் குறையும். 8 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். குழலின் உட்துளை 9 மில்லிமீட்டர் என்றால் அம்பின் பின்புறத்தைக் காற்று தள்ளும் விசை அரை நியூட்டன். 50 கிராம் எடையை உள்ளங்கையில் வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான். ஆனால் அந்த அற்ப விசை 2 மீட்டர் தூரத்துக்கு விடாமல் தள்ளிக்கொண்டே போகிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் ஆற்றல்: ஒரு ஜூல். 1 கிராம் எடையுள்ள அம்பு அந்த ஒரு ஜூலை வாங்கிக்கொண்டால் நொடிக்கு 45 மீட்டர், அதாவது மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். உராய்வும் கசிவும் கொஞ்சம் கழித்துக்கொள்ளும். கழித்த பிறகும் மரக்கிளையில் இருக்கும் அணிலுக்குத் தப்ப நேரம் கிடைக்காது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. அந்த 2 மீட்டர் குழலின் உள்ளே இருக்கும் மொத்தக் கொள்ளளவு சுமார் 130 மில்லிலிட்டர். ஒரு தேநீர்க் குவளை அளவுகூட இல்லை. மனித நுரையீரலோ ஒரே மூச்சில் 4 லிட்டரை வெளியே தள்ள வல்லது. ஆகவே அம்பு குழலின் கடைசி விரற்கடையைத் தாண்டும்போதும் பின்னால் அழுத்தம் ஏறக்குறைய குறையாமலே நிற்கிறது. குழலை இன்னும் குறுக்கினால் தள்ளும் தூரம் வீணாகும். அளவுக்கு மீறி நீட்டினால் உராய்வு ஏறும், கனம் ஏறும், முனை தொங்கும், ஈரக் காட்டுக்குள் கொடிகளில் மாட்டும். கிட்டத்தட்ட 2 மீட்டர் என்ற நீளத்தில் செமாய் கைவினைஞர்கள் நின்றது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

குழலைக் கையில் எடுத்துக் கிட்டத்தில் பார்த்தால் அது ஒரு குழல் அன்று, இரண்டு. உள்ளே மெல்லிய குழல். அதற்கு உறையாக, வளையாமல் காக்க, வெளியே தடித்த இன்னொன்று. கோட்டுச் சித்திரங்கள் எல்லாம் வெளிக்குழலில்தான். உள்குழலுக்கு எல்லா மூங்கிலும் ஆகாது. தீபகற்ப மலேசியாவின் உயர்மலைக் காடுகளில் வளரும் ஓர் இனத்தைத் தேடிப் போகிறார்கள். தாவரவியலார் அதைக் கினாபாலுகுளோவா ரேயி என்கிறார்கள். அதன் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே உள்ள தூரம் ஆளுயரத்தைத் தொடக்கூடியது. கணு இல்லை என்றால் உள்ளே தடுப்பு இல்லை. தடுப்பு இல்லை என்றால் குடைய வேண்டாம், குடைந்த இடத்தில் பிசிறும் இல்லை. இயந்திரப் பட்டறையில் துரப்பணம் போட்டுத் தேய்த்து மெருகேற்றிப் பெற வேண்டிய வழுவழுப்பான துளை மலையில் தானாக வளர்ந்து நிற்கிறது.

அம்பு பெர்த்தாம் பனையின் ஓலை நரம்பில் சீவப்பட்டது. பின்பக்கத்தில் நெட்டிபோன்ற மெல்லிய பொருளில் செய்த கூம்பு ஒன்று செருகியிருக்கும். துளைக்குள் சரியாகப் பொருந்துவது அந்தக் கூம்புதான், குச்சி அன்று. கூம்பு பெரிதாக இருந்தால் சிக்கும். சிறிதாக இருந்தால் காற்று பக்கவாட்டில் நழுவும். மிச்சமிருக்கும் இடைவெளியை அடைக்க, கூந்தற்பனை வகை மரத்தின் மட்டையடியில் சுரண்டி எடுத்த பஞ்சை அம்புக்குப் பின்னால் ஒரு சிட்டிகை வைப்பார்கள். அம்பின் முனையில் ஈப்போ மரத்துப் பால். இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடு நஞ்சு அதில் உண்டு. ஈப்போ நகரத்துக்கும் பெயர் கொடுத்தது அந்த மரமே. நஞ்சு வேலையைப் பார்த்துக்கொள்வதால் அம்புக்குப் பேராற்றல் தேவைப்படவில்லை. தோலைத் துளைத்தால் போதும். ஒரு ஜூல் தாராளம்.

இதே உத்தி தமிழ் நாட்டுக்கும் புதிதன்று. கடல்வாழ் உயிர்களையும் படகுகளையும் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1924-இல் தென்னிந்திய ஊதுகுழல்களையும் வளரிகளையும் குறுக்குவில்களையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். வளரியைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஊதுகுழலை முற்றாக மறந்துவிட்டோம்.

இப்போது ஸ்பிரிங் துப்பாக்கிக்கு வருவோம். குழலை முறித்து மடக்கும்போது, அல்லது அடியிலுள்ள நெம்புகோலை இழுக்கும்போது, உள்ளே ஒரு பிஸ்டன் பின்னுக்குப் போய் வலுவான சுருளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். விசையைத் தட்டினால் சுருள் விடுபட்டு பிஸ்டன் முன்னே பாயும். அதற்கு முன்னாலிருக்கும் 40 மில்லிலிட்டர் அளவுக் காற்று ஒரு சிறு துளை வழியாகக் குண்டின் முதுகில் அடிக்கும். பெயர் காற்றுத் துப்பாக்கி என்றாலும் காற்று எதுவும் முன்கூட்டி அடைத்து வைக்கப்படவில்லை. எல்லாம் நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்து முடிகிறது. பர்மிங்காமில் லிங்கன் ஜெஃப்ரீஸ் வடிவமைக்க, பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905 முதல் உற்பத்தி செய்த துப்பாக்கிகளின் அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை.

இதற்கும் கணக்கு போடலாம். 4.5 மில்லிமீட்டர் குண்டின் எடை அரை கிராம், வேகம் நொடிக்கு 230 மீட்டர் என்றால் ஆற்றல் 13 ஜூல். குழல் 40 சென்டிமீட்டர்தான். அந்தக் குறுகிய ஓட்டத்தில் 13 ஜூலை ஏற்ற வேண்டுமென்றால், ஊசித் துளை போன்ற அந்தக் குழலில் சராசரி அழுத்தமே வளிமண்டலத்தைப் போல 20 மடங்கு வேண்டும். தொடக்கத்தில் எழும் உச்ச அழுத்தம் அதைப் போலப் பல மடங்கு. செமாய் வேட்டைக்காரரின் நெஞ்சழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது எங்கோ இருக்கிறது. துப்பாக்கியின் அத்தனை நோய்களும் அந்த உச்ச அழுத்தத்திலிருந்தே பிறக்கின்றன.

முதல் நோய், உதைப்பு. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகரும். நசுங்கிய காற்றில் மோதி பிஸ்டன் திடீரென்று நிற்கும்போது துப்பாக்கி முன்னே இழுபடும். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் இந்த ஆட்டத்தின் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. அதனால்தான் ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குறி தவறும், தளர்வாகத் தாங்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடி ஒரே இடத்தில் அடிக்கும். வெடிமருந்துத் துப்பாக்கியில் வருடக்கணக்கில் தாங்கும் தொலைநோக்கி, இதில் சில நூறு சூட்டில் குலைந்துபோவதும் இந்த இருவழி உதைப்பால்தான்.

இரண்டாவது, வெப்பம். காற்றை மெதுவாக அழுத்தினால் சூடு சுவர்வழியே கசிந்துவிடும். நொடிப்பொழுதில் அழுத்தினால் கசிய நேரமில்லை. வெப்ப இயக்கவியல் சூத்திரப்படி, அழுத்தம் 100 மடங்கானால் அறை வெப்பத்திலிருந்த காற்று 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் பற்றிக்கொள்ளும். மலாய்த் தீபகற்பத்து மக்கள் இதையும் வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். கட்டைவிரல் தடிமனில் ஒரு சிறு உருளை, அதற்குள் இறுக்கமாகப் போய்வரும் ஒரு தண்டு, தண்டின் நுனிக் குழியில் கொஞ்சம் பஞ்சு. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டி உடனே உருவினால் பஞ்சில் கனல் இருக்கும். கோபெக் ஆப்பி என்பார்கள். தீப்பெட்டிக்கு முன் அடுப்பு மூட்டிய கருவி அது. டீசல் இயந்திரம் தீப்பொறி இல்லாமல் எரிவதும் இதே விதியால்.

இங்கிலாந்தில் ஜி.வி. கார்டியூ, ஜி.எம். கார்டியூ என்ற தந்தையும் மகனும் இந்த எரிதலை விடாப்பிடியாக ஆராய்ந்தார்கள். வலுவான துப்பாக்கி ஒன்றை ஆக்சிஜன் இல்லாத நைட்ரஜனில் வைத்துச் சுட்டுப் பார்த்தபோது வேகம் வெகுவாகக் குறைந்தது. காற்றுத் துப்பாக்கியின் வேகத்தில் ஒரு பங்கு காற்றுடையதே அல்ல, மசகெண்ணெய் எரிந்து தந்தது என்று அந்தச் சோதனை காட்டியது. துப்பாக்கியின் நடத்தையை அவர்கள் நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். குண்டு தளர்ந்திருந்து, அழுத்தம் ஏறுமுன்பே நகரத் தொடங்குவது முதல் நிலை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஊதுகுழல் நிலை. இறுக்கமான அடைப்பு அழுத்தம் ஏறியபின் விடுபடுவது இரண்டாவது. பிள்ளைகள் மூங்கிலில் காயை அடைத்து வெடிக்கும் விளையாட்டுத் துப்பாக்கி அது. எண்ணெய் அளவாக எரிந்து துணைசெய்வது மூன்றாவது. அளவுமீறி வெடித்து, சுருளையும் பிஸ்டன் முனையிலுள்ள வாஷரையும் நாசமாக்குவது நான்காவது.

பழைய துப்பாக்கியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்காவது நிலையில்தான் போய் விழுகிறார்கள். வேகம் குறைந்திருக்கிறது என்று துளை வழியே எண்ணெய் விடுவார்கள். புகையும் பெரிய சத்தமும் வரும், பலம் கூடிவிட்டது என்று மகிழ்வார்கள். உண்மையில் வேகம் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் வாஷர். சைக்கிள் பம்பில் வாஷர் காய்ந்து சுருங்கினால் எவ்வளவு அடித்தாலும் டயரில் காற்று ஏறாது, இதுவும் அப்படித்தான். பழைய மாடல்களில் தோல் வாஷர் இருக்கும். அதை எண்ணெயில் ஊறவைத்துப் பதமாக்க வேண்டும். பிற்கால மாடல்களின் செயற்கை வாஷருக்கு எண்ணெய் கிட்டத்தட்ட வேண்டியதே இல்லை. மாலிப்டினம் கலந்த பசையை விரலால் மெல்லியதாகத் தடவினால் போதும். ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்குக் கேடு.

அடுத்த மயக்கம் சுருள். வலுவான சுருளைப் போட்டால் வேகம் கூடும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சாதாரணச் சுருள் ஒன்று அழுத்தப்படும்போது 35 ஜூல் அளவுக்குச் சேமிக்கிறது. குண்டு எடுத்துப் போவது 13. மீதி பிஸ்டன் துள்ளலாகவும், வெப்பமாகவும், சுருளின் முறுக்கு அதிர்வாகவும் போகிறது. கூடுதல் பலமுள்ள சுருள் பிஸ்டனை வேகமாக முன்னே தள்ளும். பிஸ்டன் வேகமாக வந்தால் காற்று மெத்தையில் மோதிப் பின்னே துள்ளும், குண்டு கிளம்ப வேண்டிய அந்தக் கணத்தில் அழுத்தம் சரிந்துவிடும். பலம் கூட்டியவருக்கு மிஞ்சுவது உதைப்பு மட்டும். கைதேர்ந்தவர்கள் எதிர்த்திசையில் வேலை செய்கிறார்கள். சுருளுக்குள் நிற்கும் வழிகாட்டித் தண்டைத் தளர்வில்லாமல் கடைந்து போடுகிறார்கள், சுருளின் முனைகளைத் தேய்த்துச் சமமாக்குகிறார்கள், குழலின் துளைக்கு எந்தக் குண்டு சரியாகப் பொருந்துகிறது என்று வகைவகையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். செமாய் கைவினைஞர் நெட்டிக் கூம்பைச் சீவிச் சீவிப் பார்ப்பதும் ஒரு சிட்டிகைப் பஞ்சு வைப்பதும் இதே வேலைதான். அவர் தொடங்கும் இடத்துக்கு இவர்கள் பல வருடம் கழித்து வந்து சேர்கிறார்கள்.

குண்டு போடாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பது ஏன் கேடு என்பதும் இதிலிருந்தே விளங்கும். குண்டு தடுக்காவிட்டால் காற்று வழிவிட்டு ஓடிவிடும், மெத்தை உருவாகாது, பிஸ்டன் உலோகத்தில் நேராக மோதும். சந்தையில் விற்பனைக்கு வரும் பழைய துப்பாக்கிகளில் பல இப்படி மோதி மோதியே செத்தவை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அழுத்தாத நிலையிலும் அந்தச் சுருள் உள்ளே இறுக்கத்தோடுதான் இருக்கிறது. உரிய அமுக்கி இல்லாமல் பின்முனை ஆணியைக் கழற்றினால் அது பாய்ந்து முகத்தை உடைக்கும். மடக்கி வைத்த குழல் பிடிநழுவி மூடிக்கொண்டால் விரல் போகும்.

கேமரன் மலையில் இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்கலாமா என்றால், கூடாது. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் அதன் உதிரிப் பாகத்தையும் ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒன்றை வைத்திருப்பதே குற்றம். இங்கிலாந்தில் ஏறத்தாழ 16 ஜூல், ஜெர்மனியில் 7.5 ஜூல் வரை உரிமம் இல்லாமல் பெரியவர்கள் வாங்கலாம். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு விதிகள் 20 ஜூலையும் 4.5 மில்லிமீட்டரையும் எல்லையாக வைத்தன. அந்த நாட்டவர் எழுதியதைப் படித்துவிட்டு நம் தோட்டத்துப் பையன்கள் தெரிந்தவரிடம் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கப் போனால் வாழ்க்கை பாழாகிவிடும். காட்டுக்கும் அது நல்லதன்று. அருணாசலப் பிரதேசத்தில் காற்றுத் துப்பாக்கியால் பறவைகள் அழிவது கண்டு அரசு 2021-இல் அவற்றை ஒப்படைக்கும் இயக்கமே நடத்தியது. செமாய் மக்களின் வேட்டை வேறு. மலேசிய வனவிலங்குச் சட்டம் பூர்வக்குடியினர் தம் குடும்பத்தின் உணவுக்காகக் குறிப்பிட்ட சில உயிரினங்களை வேட்டையாட இடம் தருகிறது, விற்க இடம் தரவில்லை.

துப்பாக்கியில் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு வழி விளையாட்டுக் கழகம்தான். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984-இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. மலேசியாவின் நூர் சூர்யானி தைபி 2012-இல் எட்டு மாதக் கர்ப்பிணியாக லண்டனில் அந்தப் போட்டியில் நின்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே பிரிவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர். அவர்கள் கையிலிருக்கும் துப்பாக்கியில் சுருள் கிடையாது. முன்கூட்டி அடைத்த காற்றைச் சீராக விடும் உருளைதான். குண்டின் ஆற்றல் 7, 8 ஜூல். ஒலிம்பிக்கின் உச்சத்தில் பலத்தைக் குறைத்து, உதைப்பை ஒழித்து, அழுத்தத்தை ஒரே சீராக வைத்துக்கொண்டார்கள்.

இந்த மலைக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. ஸ்பிரிங் துப்பாக்கியின் உருளைக்குள் அந்த அளவு காற்று குறைவாகவே இருக்கும். மெத்தை மெலியும், பிஸ்டன் இன்னும் கடுமையாக மோதும். கிள்ளானில் சீர்செய்த துப்பாக்கி பிரிஞ்சாங்கில் அதே மாதிரி நடந்துகொள்ளாது. ஊதுகுழலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அம்பைத் தள்ளுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது நெஞ்சுத் தசை. தசைக்கு உயரம் பெரிய பொருட்டன்று. வெளியே காற்று மெலிந்திருப்பதால் பறக்கும் அம்புக்குத் தடையும் கொஞ்சம் குறைவு.

தமிழ்ப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் குழாயை 50 சென்டிமீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் என்று வெட்டுங்கள். உள்ளே பொருந்தும் காகிதக் கூம்பு ஒன்று போதும், கூர்முனை வேண்டாம். குழாயில் வாய் வைக்குமுன் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும், வைத்தபின் இழுக்கக் கூடாது. எதிரே ஆள் நிற்கக் கூடாது. கைத்தொலைபேசியின் மெதுவோட்டக் காணொளியில் வேகத்தை அளந்துவிடலாம். கணக்குப்படி நீளம் இரு மடங்கானால் வேகம் 1.4 மடங்காக வேண்டும். முதல் இரண்டு குழாய்களில் அதற்கு அருகில் வரும். 2 மீட்டரில் பெரும்பாலும் குறையும். அங்கே கூம்பின் ஓரத்தைக் கத்தரித்து, ஒட்டி, மறுபடி கத்தரித்து, எந்த அளவில் வேகம் ஏறுகிறது என்று பிள்ளைகளே தேடட்டும். அந்தப் பக்கத்துச் செமாய் பெரியவர் ஒருவரை அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைக்க முடிந்தால், எங்கே கசிகிறது என்பதை அவர் ஒருமுறை ஊதிப் பார்த்தே சொல்லிவிடுவார்.